கதவு தட்டி எழுப்புகிறவள்

"அப்ப அந்த லயத்து ஆளுங்கள யாரு எழுப்புவா? சாமி எறங்கி வந்து எழுப்புமா?"

"நான் எழுப்புறேன் அண்ணே."

"நீயா? எப்புடி?"

"ஒவ்வொரு கதவா தட்டுறேன். எல்லா காம்பராவுலயும் வெளக்கு எரியற வரைக்கும் தட்டுறேன். நீங்க எங்க லயத்துக்கிட்ட மட்டும் அடிக்காம போங்க. அது போதும்."

மாயாண்டி வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, பீலியிலிருந்து விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாவின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

விடியுமுன் பனிக்குள் நடந்து, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக்கிடக்கிற ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் நின்று தப்புப் பறை அடித்து, வேலைக்காரர்களை எழுப்புவது மாயாண்டியின் வேலை. அவருடைய அப்பாவும் அதே தேயிலைத் தோட்டத்தில் அதையே செய்தவர். தப்பின் தோல் அதிர்ந்ததும் லயங்களில் விளக்குகள் எரியும், தேத்தண்ணிக் கேத்தல்கள் அடுப்பேறும். பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் பெயர் வாசிக்கிற பெரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். பெயர் வாசித்த பிறகு வந்து நிற்கிறவர்களை அன்று வேலையில்லை என்று மேற்பார்வைக்காரரான கண்டாக்கு திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் தப்புச் சத்தத்தின் மேல் எல்லாருக்கும் எரிச்சல் இருந்தது. ஆனால் அது வேண்டாம் என்று இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

மூன்றாம் லயத்தில் பேச்சியம்மாவின் மகள் நாகலெட்சுமிக்கு ஏழு வயது. எல்லாரும் நாகு என்பார்கள். பேசிக்கொண்டிருந்த இரண்டொரு சொல்லையும் மூன்று வயதில் எங்கோ தொலைத்துவிட்டவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனால் மாயாண்டி தன் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே அவளுக்கு உடம்பு விறைக்கும். வாசலில் முதல் அடி விழுந்ததும் எழுந்து ஓடி, சத்தத்தைத் தலைக்குள்ளிருந்து வெளியே தள்ளிவிடப் பார்ப்பவளைப்போல நெற்றியைச் சுவரில் மோதுவாள். போன கிழமை சுவருக்குப் பதிலாக அடுப்புக் கல் அகப்பட்டுக்கொண்டது. புருவத்துக்கு மேல் தையல் போட்ட டிக்கோயா ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற தாதி அதைத் தமிழில் சொன்னாள். அந்த இடத்தில் இனி அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"எல்லாரும் எழும்பிட்டா எனக்கென்னா வந்துச்சு," என்றார் மாயாண்டி கடைசியாக. "எழும்பலன்னா கண்டாக்கு எங்கழுத்தத்தான் புடிப்பாரு. நீ தூங்கிட்டா லயமே தூங்கிரும். தெரியுமில்ல?"

தெரியும் என்றாள் பேச்சியம்மா. அப்போதுதான் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

மறுநாளிலிருந்து மாயாண்டி இரண்டாம் லயத்தோடு தப்பை நிறுத்தி, தோலைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு மூன்றாம் லயத்தைத் தாண்டிப் போய், மேட்டுக்கு அப்பால் மறுபடியும் அடிக்கத் தொடங்கினார். தூரத்துச் சத்தத்துக்கு நாகு விறைத்தாலும் எழுந்து மோதவில்லை. வாசலில் விழுகிற அடிதான் அவளுக்கு ஆகாது. இடையில் கிடைத்த அந்த அமைதிக்குள் பேச்சியம்மா கதவு கதவாகப் போனாள். ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு விதமாகத் தட்ட வேண்டும் என்பது சில நாட்களிலேயே புரிந்துவிட்டது. மூக்கன் வீட்டில் உள்ளங்கையால் அறைய வேண்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் விரல் நகத்தால் சுரண்டினால் போதும். கடைசிக் காம்பராக்காரி கதவைத் திறந்து, கலியாணம் கட்டிய நாளிலிருந்து தன் புருஷன் இத்தனை பக்குவமாய் ஒருநாளும் எழுப்பியதில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். பக்கத்துக் காம்பரா வீரய்யாவை மட்டும் தட்ட வேண்டியதே இல்லை. அவள் காலடி கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு இருமல் வரும். அதுதான் பதில்.

லயத்து இடைச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கை உயரத்துக்குத் திறந்தே கிடக்கும். அந்த வழியாகப் புகை போகும், வாசம் போகும், சண்டை போகும். ஒரு வீட்டில் நடப்பது பக்கத்து வீட்டில் பாதி நடந்துவிடும். நாகு அழுத இரவுகளையெல்லாம் வீரய்யாவும் அவர் மனைவி ராசம்மாவும் சேர்ந்தேதான் கழித்தார்கள்.

அதற்கு முந்திய வருஷம் பேச்சியம்மாவின் புருஷன் செல்லசாமி ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்திருந்தான். பிள்ளையின் மேல் முனி இருக்கிறது என்று லயத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். மற்றப் பாதிப் பேர் அதை மறுக்கவில்லை. கோடாங்கி சாம்பிராணிப் புகைக்கு நடுவில் உட்கார்ந்து உடுக்கையை அடித்தார். நாகு அலறினாள். அவள் அலறியதும், முனி பதில் சொல்லத் தொடங்கிவிட்டது என்று அவர் உடுக்கையைக் காதுக்குக் கிட்டே கொண்டுபோனார். அவள் இன்னும் அலறினாள். உடுக்கை இன்னும் கிட்டே போனது. சுற்றி நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வாயில் நுரை தள்ளிப் பிள்ளை சாய்ந்தபோது, போய்விட்டது என்றார் கோடாங்கி. செல்லசாமிதான் அவளைத் தூக்கினான். அதன் பிறகு பல நாள் அவன் மகளுடைய முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

பார்க்கத் தொடங்கியபோது அவன் ஒரு பெட்டியோடு வந்தான். தொழிற்சாலையில் தேயிலை அடைக்கிற பகுதியில் அவனுக்கு வேலை. மூலை பிளந்து ஒதுக்கிப்போட்ட ஒரு தேயிலைப் பெட்டியைத் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கேட்டு வாங்கி, தலையில் சுமந்து வந்தான். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. தேயிலை வாசம் மாறவில்லை. அதைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்ததும் நாகு தானாகவே போய் உள்ளே உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெள்ளித்தாளில் தெரிகிற கலங்கிய வெளிச்சத்தைப் பார்க்கத் தொடங்கினாள். அன்று அந்தி வரை அந்தக் காம்பராவில் ஒரு சத்தமும் இல்லை. செல்லசாமி வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். பற்றவைத்த பீடியைக் குடிக்க மறந்துபோனான்.

இரண்டாவது பொருளைப் பேச்சியம்மா தற்செயலாகக் கண்டுபிடித்தாள். ஒருநாள் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து நனைந்து வந்தவள், தண்ணீர் குடித்துக் கனத்துப்போன கம்பளியைக் கழற்றி வீசியபோது அது நாகுவின் மேல் விழுந்துவிட்டது. பதறிப்போய் எடுக்கக் குனிந்தாள். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முனகல் நின்றிருந்தது. ஈரம் அல்ல, பாரம்தான் அவளுக்கு வேண்டியிருக்கிறது என்று புரிய இன்னும் சில நாட்கள் ஆயின. புரிந்ததும் ஒரு பழைய கம்பளியை இரண்டாக மடித்து, சிறு சிறு பைகளாகத் தைத்து, ஆற்று மணலைக் காயவைத்துச் சலித்து அவற்றுக்குள் அடைத்தாள். லயத்துப் பெண்கள் பிள்ளையை மணலுக்குள் புதைக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். நாகு அதற்கடியில் தூங்கினாள்.

மூன்றாவது பொருள் அட்டன் டவுனில் கிடைத்தது. லாபிர் நானாவின் துணிக்கடையில் காதை மூடுகிற கம்பளித் தொப்பி கேட்டு நின்றபோது, நாகு தரையில் உட்கார்ந்து பொத்தான் பெட்டியிலிருந்த பொத்தான்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டின் திரை விலகி, நானாவின் மனைவி கமறியா வெளியே வந்தார். பிள்ளையை நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டார். உள்ளே சன்னலோரம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தான். அம்மா வந்ததையோ வேற்றாள் வந்ததையோ அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஊரில் தன் பிள்ளையைப் போல இன்னொரு பிள்ளை இருக்கும் என்று பேச்சியம்மா அதுவரை நினைத்ததே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. கமறியா அதைப் பார்க்காதவர்போலத் தேத்தண்ணி ஊற்றினார். அவர் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். சாப்பிடுகிற கோப்பையை மாற்றாதே. படுக்கிற இடத்தை மாற்றாதே. புது இடத்துக்குத் திடீரென்று தூக்கிக்கொண்டு போகாதே. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் அடிக்காதே, முன்னால் போய் உட்கார்.

"கெட்ட புள்ளையெண்டு ஆரும் சொன்னா கேக்க வேணாம்," என்றார் புறப்படும்போது. "நமக்குக் கேக்காத சத்தமெல்லாம் இதுகளுக்குக் கேக்குது. அதுதான் கஷ்டம்."

தொப்பியின் காதுப் பகுதியில் இலவம்பஞ்சை அவரே வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

பெட்டி, மணல் கம்பளி, பஞ்சுத் தொப்பி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பேச்சியம்மா ஒரு மாதிரி நாட்களை ஓட்டினாள். அவளும் செல்லசாமியும் வேலைக்குப் போகிற நேரத்தில், முதுகுவலியால் மலைக்குப் போவதை நிறுத்தியிருந்த ராசம்மா நாகுவுக்குக் காவல் இருந்தாள். காவல் என்றால் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அரிசி பொறுக்குவதுதான். பொறுக்கிய நெல்மணிகளை நாகு வாங்கிக்கொண்டு பெட்டி விளிம்பில் அடுக்குவாள். இருவருக்கும் அதில் ஒரு உடன்பாடு இருந்தது.

ஐப்பசியில் ஒரு இரவு ஆலங்கட்டி மழை தகரத்தின் மேல் கொட்டியது. தொப்பியும் கம்பளியும் அதைத் தாங்கவில்லை. பெற்றவர்கள் இருவரும் பிடிப்பதற்குள் நாகு தலையை மோதிக்கொண்டாள். பிறகு வலிப்பு வந்தது. கையும் காலும் வெட்டியிழுத்து, கண் செருகி, விடியப்போகிற நேரத்தில்தான் அடங்கினாள். பேச்சியம்மா அவள் பக்கத்தில் அப்படியே சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள்.

மூன்றாம் லயத்தில் அன்று யாரும் எழும்பவில்லை.

விழித்தபோது வெயில் வந்திருந்தது. பெரட்டுக்களத்துக்கு ஓடியவர்களைக் கண்டாக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார். லயத்துக்கு வந்தவர்கள் பேச்சியம்மாவின் வாசலில் கூடினார்கள். பிள்ளையை எங்காவது கொண்டுபோய் விடச் சொன்னார்கள். கொழும்பில் அதற்கென்று ஆஸ்பத்திரி இருக்கிறதாம், அங்கே அடைத்துவைத்துப் பார்த்துக்கொள்வார்களாம் என்றார்கள். ஒரு பிள்ளைக்காக ஒரு லயமே பட்டினி கிடக்க வேண்டுமா என்று மூக்கன் கேட்டான். கேள்வி நியாயமானது என்றே அவளுக்குத் தோன்றியது.

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு போய் வெறுங்கையாகத் திரும்பியவர்களில் வீரய்யாவும் ஒருவர். அவர் கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார்.

"தூக்கம் எல்லாருக்குந்தான் வரும்," என்றார். "மாயாண்டி காச்சல்ல படுத்த அன்னைக்கி முழுத் தோட்டமும் தூங்குச்சு. அவன கொழும்புக்கா அனுப்பினோம்?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்தபிறகு கோபத்தைப் பழையபடி பிடித்துவைத்துக்கொள்ள முடியவில்லை. அன்றிலிருந்து ராசம்மாவே முதலில் எழுந்து, சுவருக்கு மேலே கூரையிடுக்கில் கையை விட்டு, பேச்சியம்மாவின் பக்கத்துத் தகரத்தை விரலால் தொட்டுத் தட்டுவாள். பேச்சியம்மா எழுந்து மற்றவர்களைத் தட்டுவாள். வலிப்பைப்பற்றி டிக்கோயாவில் சொன்னபோது டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொரு தடவை தலையில் பலமாக அடிபட்டு வலிப்பு வந்தால் பிள்ளை எழுந்திருக்காமலே போகலாம் என்று தாதி மெதுவாகச் சொன்னாள்.

பனிக் காலம் முடிகிற சமயத்தில் வீரய்யாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. தோட்டத்து மருந்து குடித்தார். இருமல் நாளுக்கு நாள் ஆழமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு விடியற்காலை தகரத்தில் விரல் தட்டுகிற சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சுவருக்கு மேலே ராசம்மாவின் அழுகை வந்தது.

அன்று பேச்சியம்மா கதவுகளைத் தட்டியது வேலைக்காக அல்ல. திறந்த ஒவ்வொரு கதவிலும் வீரய்யா மாமா போய்விட்டார் என்று சொன்னாள். கடைசிக் காம்பராக்காரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாருக்கும் சொல்லி முடித்துத் திரும்பி நடக்கும்போதுதான், இனி வரப்போகிறது என்ன என்பது அவளுக்கு உறைத்தது. லயத்தின் நடுவிலேயே கால் நின்றுவிட்டது.

சாவு வீட்டு வாசலில் தப்பு அடிப்பார்கள். பிணம் எடுக்கும்வரை அடிப்பார்கள். அது வீரய்யாவின் வாசல். ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் நாகுவின் பெட்டி.

வெயில் ஏறுவதற்குள் மாயாண்டி இன்னும் மூன்று பேரோடு வந்துவிட்டார். பனியில் தொய்ந்துபோன தோலை இறுக்குவதற்காக முற்றத்தில் சருகு கூட்டித் தீ மூட்டி, தப்புகளைச் சூடுகாட்டத் தொடங்கினார்கள். செல்லசாமி அதற்குள் நாகுவைத் தொப்பியோடும் கம்பளியோடும் தூக்கிக்கொண்டு மேட்டில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினான். தேயிலைப் பெட்டியை இன்னொருவன் சுமந்து பின்னால் போனான். கமறியா சொன்னது பேச்சியம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் வேறு வழி தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் செல்லசாமி மகளோடு திரும்பி வந்தான். சட்டையில் இரத்தம் இருந்தது. அந்தச் சீமெந்துத் தரையையும் புதுச் சுவரையும் கண்டதும் பிள்ளை பெட்டியைத் தள்ளிவிட்டுத் தரையில் முகத்தை மோதிக்கொண்டாள். மூக்கில்தான் பட்டது. வீட்டில் பழைய சுவரோரம் பெட்டியை வைத்ததும் அதற்குள் போய்ச் சுருண்டுகொண்டாள்.

பேச்சியம்மா முற்றத்துக்கு வந்து மாயாண்டியின் முன்னால் நின்றாள். பீலிக்கரையில் வைத்து அடிக்கக் கூடாதா, ரோட்டு வளைவில் நின்று அடிக்கக் கூடாதா என்று கேட்டாள். மாயாண்டி தீயின் மேல் தப்பைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது.

"பெரட்டுக்கு அடிக்கிறது தொரைக்காக," என்றார். "நீ வேணாம்னே, விட்டேன். இது வீரய்யாவுக்காக. அவரு வாசல்லதான் அடிக்கணும். நானா நிறுத்த முடியாது தங்கச்சி. ராசம்மா வாயால சொன்னா நிறுத்துறேன்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீரய்யாவின் தம்பி கந்தப்பன் இறம்பொடையிலிருந்து வந்து சேர்ந்தார். படியேறும்போதே அழுதார். அழுகைக்கு நடுவில், ஏன் இன்னும் தப்புச் சத்தம் கேட்கவில்லை என்று உரக்கக் கேட்டார். வாழ்நாள் முழுவதும் இந்த மலையில் கவ்வாத்து வெட்டிய மனிதனை ஊமையாகத் தூக்கிக்கொண்டு போகப்போகிறீர்களா, நாயைப் புதைக்கிற மாதிரியா என்று கேட்டார். முற்றத்தில் நின்ற யாரும் பேச்சியம்மாவைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

மாயாண்டியோடு வந்தவர்களில் ஒருவன் தோல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே பெட்டி கவிழ்ந்து விழுகிற சத்தம் கேட்டது. பிறகு செல்லசாமியின் குரல், மகளே மகளே என்று.

பேச்சியம்மா அந்தப்பக்கம் ஓடவில்லை. அடுத்த வாசலுக்குள் நுழைந்தாள். வீரய்யாவைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். வட்டத்தில் அவளுக்கு இடம் விட்டார்கள். ராசம்மா பிணத்தின் நெற்றியில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, ஒரே நாளில் வேறு யாரோ ஆகிவிட்டதுபோல இருந்தாள். நிமிர்ந்து பேச்சியம்மாவைப் பார்த்தாள்.

"நாகு எங்க?" என்று கேட்டாள். "சாப்புட்டாளா?"

இன்றைக்கும் அவளால் அதைக் கேட்க முடிந்தது. பேச்சியம்மா பார்வையைத் தாழ்த்தினாள். மாமாவின் கால்கள் வெள்ளைத் துணிக்கு வெளியே நீண்டிருந்தன. அந்தக் கால்கள் அன்றைக்குக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன் வாசலில் நின்றது கண்ணுக்குள் வந்தது. இந்த மனிதருக்கு இருக்கிற ஒரே மரியாதையை வேண்டாம் என்று கேட்பதற்கு, கடவுளே, இந்த வாயைத்தானா கொடுத்தாய் என்று நினைத்தாள். வெளியே சருகு பொரிந்தது. கந்தப்பன் ஏதோ சொல்ல, மாயாண்டி தப்பை மறுபடி தீயில் காட்டுவது தெரிந்தது.

அவள் ராசம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மற்றப் பெண்களின் ஒப்பாரிக்கு அடியில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, காதோரம் குனிந்தாள்.

"அக்கா, மாமாவுக்கு இத செய்ய வேணாம்னு கேக்க எனக்கு எந்த நியாயமும் இல்ல. எனக்குத் தெரியும். ஆனா எம்புள்ள இன்னொரு அடி தாங்கமாட்டா. பாடை அந்த வளைவத் தாண்டுற வரைக்கும் தப்பு வேணாம்னு, மாயாண்டி அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுவீங்களா அக்கா?"